செவலைக்கு வைத்த உருண்டை

மிளகாய் வத்தல் பொடி நகக்கண்ணில் ஏறினால் எப்படி எரியும் என்பது சமையல்கட்டில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் கழுவினால் அடங்காது. கழுவக் கழுவ மற்ற விரல்களுக்கும் பரவும். தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு, விரல்களை வாயருகே வைத்து ஊதியபடி ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்த எரிச்சல் பத்து வயதில் அறிமுகமானது, அதுவும் சமைக்கப் போய் அல்ல. ஒரு நாய்க்குட்டியின் வாயைப் பொசுக்குவதற்கு என் கையைப் பயன்படுத்தினார்கள். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்கள் என்னிடம் நிதானத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கம்பத்துக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலாகப் பரவிய பன்னீர் திராட்சை. காய் நிறம் மாறத் தொடங்கியதும் களவு ஆரம்பிக்கும். ஒரு வருஷம், காவலுக்கு இருந்த எங்கள் பழைய நாய்க்கு யாரோ பூச்சிமருந்து தடவிய கறித்துண்டை வீசிவிட்டுப் போனார்கள். விடிந்ததும் அப்பா அதை வாய்க்கால் ஓரத்தில் வாயில் நுரையோடு கண்டெடுத்தார். அப்பா அழுததை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்; அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப்போனால் எனக்கும் வேலை சுலபமாக முடிந்துவிடும், ஆனால் அது உண்மையில்லை.

அடுத்த மாதமே, காவல் நாய்க்குப் பேர்போன கோம்பைக்குப் போய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. செவலை என்று பெயர் வைத்தோம். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை என்பதால் செவலை முழுக்க என்னுடையதாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் பாவாடையைக் கவ்விக்கொண்டுதான் தோட்டம் வரைக்கும் வரும். என் உள்ளங்கையில் பால்சோற்றை வைத்தால் சோறு தீர்ந்த பிறகும் நெடுநேரம் கையை நக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கூச்சத்துக்காகவே நான் இரண்டாம் தடவை சோறு கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

குட்டிக்கு ஏழெட்டு மாதம் ஆனபோது அப்பா அதைப் "பழக்க" ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் தோட்டக்காவல் நாயைப் பழக்குவது என்றால் உட்காரச் சொல்வதோ, பந்தை எடுத்துவரச் சொல்வதோ அல்ல. வளர்க்கிறவன் கையைத் தவிர வேறு எந்தக் கையிலும் தின்னாதபடி செய்வது. முதலில் வரப்போரங்களில் கருவாட்டு வாசம் பூசிய சோற்று உருண்டைகளைப் போட்டுவைத்தார். உள்ளே முழுக்க வத்தல் பொடி. இரண்டு நாளில் செவலை தரையில் கிடப்பதைத் தொடாமலிருக்கக் கற்றுக்கொண்டது. பிறகு பக்கத்துத் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டு அவர் கையால் ஓர் உருண்டை கொடுக்கவைத்தார். அதற்கும் பலன் கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

"வீட்டுப் புள்ள கையிலயே வாங்கித் திங்கலைன்னா, களவாணிப்பய கையில எங்கிட்டுத் திங்கப் போகுது?" என்றார் அப்பா. அவருக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. என்னைக் கூப்பிட்டு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார். "கையை நீட்டு ஆத்தா. பயப்படாத. ரெண்டு மூணு தடவ எரிஞ்சா ஆயுசுக்கும் பொழைச்சுக்கிரும்."

நான் நீட்டினேன். செவலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கை என்பதால் வாலை ஆட்டிக்கொண்டே ஒரே வாயில் எடுத்து மென்றது. அதற்குப் பிறகு அது கத்திய கத்தலை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. மூஞ்சியை மண்ணில் தேய்த்தது, தும்மியது, பம்புசெட் தொட்டிக்கு ஓடித் தலையை முக்கியது, திரும்பி என்னிடமே ஓடிவந்தது. வேறு எங்கே போகும்? வலித்தால் என்னிடம் வருவதுதான் அதற்குத் தெரியும். அப்பா மூன்று நாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு தடவை கொடுக்கச் சொன்னார். இரண்டாம் தடவை நீண்ட நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கியது. மூன்றாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். தன் கையால் அதற்குக் கறிச்சோறு ஊட்டினார்; அதன் பிறகு அது அவர் கையில் மட்டும்தான் தின்றது. எனக்குக் கூலியாக ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட் கிடைத்தது. நான் அதைத் தின்றேன், இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவிலிருக்கும் க்ரீமை முதலில் நக்கி. அப்பா மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு அந்தப் பிஸ்கட்டைத் தின்ற வாய்க்கும் உண்டு.

செவலையின் புகழ் பரவியது. திராட்சை எடுக்க வரும் கேரளத்து வியாபாரி பரோட்டாவைப் பிய்த்து நீட்டுவார், செவலை தலையைத் திருப்பிக்கொள்ளும், "கொள்ளாமே!" என்று அவர் வியப்பார். ஊர்த் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் எலும்பை ஆட்டி ஆட்டிக் காட்டித் தோற்றுப்போவார்கள். "மனுசப்பயலுக்கு இல்லாத விசுவாசம் பாத்தீகளா" என்பார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். விசுவாசமாம், மண்ணாங்கட்டி! பயந்துபோன ஒரு பிராணி பசியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்து நான்கு பேர் நெஞ்சுருகுகிறார்கள். நாய்க்கு நன்றியுண்டு என்று யாராவது பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அடுத்த வருஷம் பிஞ்சு பிடிக்கும் சமயத்தில், அப்பா மொபெட்டில் வாய்க்கால் மேட்டில் போகும்போது சறுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா காலையில் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். செவலைக்குச் சோறு வைப்பது என் வேலையாயிற்று. செவலை தின்னவில்லை.

முதல் நாள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பாலை ஊற்று, முட்டையை உடைத்து ஊற்று, கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து வை, வாயைப் பிளந்து திணி. எல்லாம் செய்தேன். அது தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் பந்தல் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா, அப்பாவின் அழுக்கு லுங்கியை விரித்து அதன் மேல் தட்டை வைத்தாள். செவலை லுங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது, தட்டைத் தொடவில்லை. "தொரைக்கு வக்கணையா வேணுமாக்கும்" என்று அம்மா சலித்துக்கொண்டாள். பக்கத்துத் தோட்டக்காரர், தன் கையால் அந்த உருண்டையைக் கொடுத்த அதே மனிதர், வேலியோரத்தில் நின்றுகொண்டு, "ருசி கண்ட நாயி புள்ள அது. ரெண்டு நாளு பட்டினி போடு, தன்னால திங்கும்" என்றார். பட்டினியாய்க் கிடக்கிற நாய்க்குப் பட்டினி வைத்தியம்! எங்கள் மூன்று பேருக்கும் அது ஏன் தின்னவில்லை என்று தெரியும். அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

நான்காம் நாள் நான் அம்மாவிடம் அழுது அப்பாவைக் கேட்டுவரச் சொன்னேன். ஒரு வார்த்தை, ஒரு வழி, ஏதாவது சொல்வார் என்று நம்பினேன். பொழுது சாய அம்மா வந்தாள். தூக்கை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பா சந்தோசப்பட்டாகடி. நாலு நாளா ஒரு பருக்கைகூடத் தொடலையான்னு பக்கத்துக் கட்டில்காரக கிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. கோம்பை நாயி பத்து நாளு தாங்குமாம். யாரும் ஊட்டிக் கெடுத்துராதீகன்னு சொல்லிவிட்டாக."

தொடையில் கட்டோடு படுத்துக்கிடந்த மனிதருக்கு அந்த நாய் சாவது வருத்தமில்லை, பெருமை. அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ முறிந்தது. அது இன்னும் சரியாகக் கூடவில்லை.

ஆறாம் நாள் செவலையால் எழுந்து நிற்க முடியவில்லை. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. நான் என் தட்டிலேயே பருப்புச்சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை நீட்டவில்லை. நான் தின்பதைப் பார்த்தாலாவது இதில் காரமில்லை என்று அதற்குப் புரியாதா என்று ஒரு நப்பாசை. ஒரு வாய் வைத்தேன், அழுகை வந்துவிட்டது. வாயில் சோற்றோடு தேம்பினேன். பருக்கைகள் தாடையில் வழிந்தன. செவலை தலையைத் தூக்கி, என் முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்து, தாடையில் ஒட்டியிருந்த பருக்கையை நக்கியது. ஒன்று. பிறகு இன்னொன்று.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கையைத்தான் அப்பா கெடுத்திருந்தார். என் வாய் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. சோற்றை மென்று மென்று உதட்டோரத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒரு தட்டு சோற்றையும் அப்படியே தின்றது. அம்மா அன்று சீக்கிரம் திரும்பியவள் பார்த்துவிட்டு, "ச்சீ, என்னடி இது எச்சியும் எழவும்!" என்று கத்தினாள், ஆனால் தடுக்கவில்லை. அடுத்த நாள் மென்ற சோற்றை வாழையிலைத் துண்டில் துப்பி வைத்தேன். பிறகு மெல்லாத சோறு. கடைசியில் கை. கையில் வாங்குவதற்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. நீட்டினால் உடனே வாங்காது. முதலில் ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கு, நகக்கண் என்று முகர்ந்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அந்தச் சோதனை முடியும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். செவலை அவரைச் சுற்றிச் சுற்றி ஓடி ஊளையிட்டது. அவருக்கும் கண் கலங்கியது. பார்க்க நான்கு பேர் வந்திருந்தார்கள். அப்பா ஜம்பத்தோடு, "ஏ ஆத்தா, ஒரு பிஸ்கட்ட நீட்டு, பாப்போம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். "நீட்டுன்னா!" நீட்டினேன். செவலை விரல்களை முகர்ந்தது, பிஸ்கட்டை வாங்கித் தின்றது, உள்ளங்கையை நக்கியது. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்பாவின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம், "வத்தப்பொடி டப்பாவை எடுத்தா" என்றார். அம்மா எடுத்துவந்து கொடுத்தாள். மெல்ல மெல்ல ஊட்டி நான் பிழைக்கவைத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். அப்பா உருண்டை பிடித்து என் கையில் வைத்தார். செவலை எதிரே உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டவில்லை. உருண்டையை என் வாயில் போட்டு மென்றேன்.

காது அடைத்தது. மூக்கு, கண், தொண்டை எல்லாம் ஒரே தீ. அம்மா அலறிக்கொண்டு சீனியை அள்ளி என் வாயில் கொட்டினாள். துப்பச் சொன்னாள்; பாதியை விழுங்கிவிட்டிருந்தேன். அப்பா ஊன்றுகோலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு இறங்கியது. "இனிமே இந்த நாயி எதுக்கும் ஆகாது" என்று மட்டும் சொன்னார். என்னைத்தான் சொன்னாரோ என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவலை அதன் பிறகு பல வருஷம் இருந்தது. போகப்போக எல்லோர் கையிலும் வாங்கித் தின்றது. விஷம் தின்று சாகவில்லை, கிழடாகிப் படுத்துச் செத்தது. நடுவில் இரண்டு தடவை திராட்சை களவு போனது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரியாவேன். இரண்டு தடவையும் அப்பா, "ஓம் மக பழக்குன நாயி வாலாட்டி வழியனுப்பி வச்சிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். இருக்கட்டும். திராட்சை அடுத்த போகத்தில் மறுபடி காய்த்தது.

இப்போது தோட்டத்தில் நாய் கிடையாது. பந்தலின் நான்கு மூலையிலும் கேமரா; அப்பா வீட்டில் உட்கார்ந்தபடி ஃபோனில் பார்த்துக்கொள்கிறார். கேமராவுக்கு யாரும் சோறு வைக்க வேண்டாம், அதன் வாயை யாரும் பொசுக்க வேண்டாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நாய் பழக்குவது ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. இப்படி ஒன்று ஒழிந்துபோனதற்கு வருத்தப்படுகிறவர்கள் வேறு எங்காவது போய் வருத்தப்படட்டும்.

ஆனால் கதை மட்டும் ஒழியவில்லை. போன கிறிஸ்மஸ் மதியம் பந்தியில் உட்கார்ந்து அப்பா என் மகளிடம் ஆரம்பித்தார். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப செவலை ஆறு நாளு ஒரு பருக்கை தொடலையே தாயி..." என் மகள் கண் கலங்கி, "அவ்வளவு பாசமா தாத்தா?" என்று கேட்டாள். அவர் அத்தோடு முடித்துக்கொண்டார். எப்போதும் அங்கேதான் முடிப்பார். நான் குழம்புக் கரண்டியோடு நின்றபடியே மீதியைச் சொன்னேன். வரப்பு உருண்டை, என் கை, க்ரீம் பிஸ்கட், ஆஸ்பத்திரிச் சிரிப்பு, டப்பா, எல்லாம். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப?" என்றார்.

அவர் இலையில் சோற்றைப் போட்டு, கறிக்குழம்பை ஊற்றினேன். அப்பா பிசைந்து ஓர் உருண்டையை எடுத்தார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம்தான் வாயில் வைத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.