வடக்குப் பக்கம் ஒரு வாசல்

எங்கள் குடும்பத்தில் ஒரு கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடிக்க வேண்டும், தேங்காய் என்றால் காதருகே வைத்து ஆட்ட வேண்டும், முலாம்பழத்தை முகர்ந்தாக வேண்டும். ஆயுசு முழுக்கச் சம்பாதித்ததைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும் கூடத்தில் நின்று, "நல்லா காத்தோட்டமா இருக்குது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். சோதனை முடிந்துவிடும்.

அப்படிச் சொல்வதும் அநியாயம்தான். சோதனையே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாங்கள் பார்த்துவைத்த வீட்டுக்கு வாஸ்து பார்ப்பவர் வந்தார். திசைகாட்டியை வைத்துக்கொண்டு மூலை மூலையாகப் போய், இப்படி ஒரு அமைப்பைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை, எந்தக் குறையும் கிடையாது என்று கைகூப்பினார். தண்ணீர் பார்ப்பவர் தேங்காயை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். என் நாத்தனார் வீட்டுக்காரர் வந்து தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு "ஸ்ட்ராங்" என்றார். அவர் லாரி டயர் வியாபாரம் செய்கிறவர். தட்டிப் பார்த்தே பழகிய கால்.

"ஒரு எஞ்சினியரை வெச்சுப் பாத்துடலாம்" என்று நான் சொன்னதும்தான் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஏதோ உயிரோடு இருக்கிற ஆளுக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்யச் சொன்னதைப் போலப் பார்த்தார்கள். ரிப்பேர் வந்தால்தானே எஞ்சினியர், வாங்கும்போது எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். வீட்டை விற்கிற அந்தப் பெரியவர் மனசு என்ன பாடுபடும் என்றார் என் கணவர். அவருக்கு எப்போதும் அடுத்தவர் மனசுதான் கவலை. கடையில் அழுகிய தக்காளியைப் போட்டுக் கொடுத்தாலும், கடைக்காரர் முகம் வாடிவிடுமே என்று வாங்கி வந்து, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருகிற ரகம்.

நான் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மாத்திரைகளைச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நம்பி வாங்கு என்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் அந்த வீட்டின் மேல் எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. இப்போது இருக்கும் மாடி வீட்டில், குடிவரும் அன்றே வீட்டுக்காரம்மா போட்ட முதல் சட்டம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது. எங்கள் கல்யாணப் போட்டோ இன்னமும் பீரோவின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. எனக்கென்று ஒரு சுவர், அதில் என் இஷ்டத்துக்கு ஒரு ஆணி. நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வீடு உழவர்கரையின் பழைய ஊர்ப் பக்கம் இருந்தது. புதுச்சேரியில் பழைய வீடு என்றாலே இப்போது இரண்டு கதிதான். கடற்கரைப் பக்கம் இருந்தால் மஞ்சள் வண்ணம் அடித்து, வாசலில் ஓடாத சைக்கிள் ஒன்றை நிறுத்தி, காபிக் கடையாக்கிவிடுவார்கள். உழவர்கரைப் பக்கம் இருந்தால் இடித்துத் தள்ளிக் கீழே கடையும் மேலே போர்ஷனும் கட்டிவிடுவார்கள். இந்த வீடு எப்படியோ இரண்டுக்கும் தப்பி நின்றிருந்தது. ஜன்னல் உயரம் வரை கருங்கல், அதற்கு மேல் செங்கல், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது சுண்ணாம்புக் காரை. கூடத்தின் நடுவே தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவர் வரை ஒரே தேக்கு உத்தரம். மொத்தக் கூரையும் அந்த ஒற்றை மரத்தின் மேல்தான். பீரங்கி வைத்தாலும் அசையாது என்றார் புரோக்கர். இந்த ஊரில் பீரங்கி வைக்க இப்போது யார் வரப்போகிறார்கள் என்று கேட்க நினைத்து, அடக்கிக்கொண்டேன்.

வீட்டை விற்கிற பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிள்ளைகள் பிரான்சில். அங்கே வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதால் அவரும் அவர் மனைவியும் வீட்டை விற்கத் துணிந்திருந்தார்கள். யார் வந்தாலும் முதலில் உத்தரத்துக்குக் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வார். சைகோனுக்குப் போய்ச் சம்பாதித்த தாத்தா பர்மா தேக்காகப் பார்த்துக் கப்பலில் கொண்டுவந்ததாம். அந்தக் கதை முடியாமல் காபி வராது.

எஞ்சினியர் வரப்போகிறார் என்று புரோக்கர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தோம். அங்கே போய்ப் பார்த்தால் வாசலில் பெரிய கோலம். பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்று "பொன்ழூர் மதாம்" என்று வரவேற்றார். அவர் வீட்டு அம்மா பட்டுக்கரைப் புடவையில் இருந்தார். சமையலறையிலிருந்து நெய் வாசனை. கேசரி, வடை, காபி. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் தற்செயலாக வந்ததுபோல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாட்சாத் பெண் பார்க்கும் படலம்தான். பெண்ணைப் பாடச் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் பாக்கி.

வந்த எஞ்சினியருக்கோ இந்த நாசூக்கு எதுவும் தெரியாது. கடற்கரைப் பக்கம் பழைய கட்டடங்களைச் செப்பனிடுகிறவர். சிரிப்பு என்பதை எங்கேயோ அடமானம் வைத்தவர்போல முகம். கேசரித் தட்டை நீட்டிய அம்மாவிடம் "அப்புறம்மா" என்று சொல்லிவிட்டு, சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மொட்டை மாடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். அம்மா தட்டோடு மாடிப்படி வரை பின்னாலேயே போனார். விருந்தாளி சாப்பிடாத குறையை என் கணவர் தீர்த்து வைத்தார். எஞ்சினியர் பங்கு, என் பங்கு, தன் பங்கு என்று எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் வீட்டைப் புகழ்ந்தார்.

கடைசியில் எஞ்சினியர் ஏணி கேட்டார். வடக்குச் சுவரோரம் ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். புட்டுக்குள் கரண்டி போவதைப்போல அது கைப்பிடி வரை உள்ளே போனது. கீழே நின்ற பெரியவர் அதைப் பார்க்கவில்லை. என் கணவரிடம் தாத்தா கதை சொல்லிக்கொண்டு சைகோன் கப்பலில் இருந்தார். எஞ்சினியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

வெளியே வந்து, வண்டியை எடுக்கும் முன்தான் வாயைத் திறந்தார்.

"உத்தரம் வடக்குப் பக்கம் போயிடுச்சு மேடம். கரையான் தின்னு முடிச்சுட்டுது. மேல இருக்கிற வார்னிஷும் அந்தச் சுவரும்தான் புடிச்சுக்கிட்டு நிக்குது. அந்தச் சுவத்துல ஆணிகூட அடிக்காதீங்க. முட்டு கொடுக்கிற வரைக்கும் அதுக்குக் கீழ யாரும் படுக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

ஆணிகூட அடிக்காதீங்க. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரிசெய்ய ஆகும் செலவு எங்களால் தாங்க முடியாது என்பது வீட்டுக்குப் போவதற்குள்ளேயே தெளிவாகிவிட்டது. அன்றைக்கு எனக்குத் துக்கம்தான். இருந்தாலும் தப்பித்தோம் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பெரியவரிடம் நானே பேசுகிறேன் என்று போனை எடுத்தேன். என் கணவர் பிடுங்கிக்கொண்டார். நான் பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்குமாம், அவர் பக்குவமாகச் சொல்வாராம். பால்கனிக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்து, "சொல்லிட்டேன்" என்றார். நானும் நம்பினேன். கம்பெனியில் ஒரு மாத்திரையைக்கூட அப்படி நம்பியதில்லை.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலம். "மேடம், உங்க குறைய அவங்களே தீத்து வெக்கிறாங்க. வடக்குப் பக்கம் வாசல் இல்லன்னுதான வாஸ்து இடிக்குதுன்னு சார் சொன்னாரு? இன்னைக்கு ஆளு வந்துட்டாங்க. சுவர ஒடைச்சு வாசல் வெக்கிறாங்க. கூடத்துக்கு நேர் நடுவுல."

ஒரு கணம் எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகு திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை மெதுவாக முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நம் ஊரில் யாராவது பெண்ணிடம் குறை என்று சொல்வார்களா? ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். அந்த மரியாதையைத்தான் இவரும் செய்திருக்கிறார். தாத்தாவின் பர்மா தேக்கு உளுத்துப்போய்விட்டது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்து, இன்னொருவரைக் கேட்டதில் வாஸ்து சரியில்லை என்கிறார், வடக்கில் ஒரு வாசல் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்போம் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் பழுதே இல்லாத ஒரே விஷயம் வாஸ்துதான். சொல்தாவோ ஐரோப்பாக் குளிரில் துப்பாக்கி தூக்கியவர். வாஸ்து என்றதும் ஆடிப்போய்விட்டார்.

அந்த உத்தரத்தைப் பிடித்து வைத்திருக்கிற சுவரையே உடைக்கிறார்கள், பெரியவருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். பின்னால் இருந்தவருக்குக் காதைப் பொத்திக்கொள்ள வழியில்லை, பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. என் வாயில் வந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். போய்ச் சேரும்போது அந்தத் தெருவில் கூட்டம் நிற்கக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கூட்டம் இல்லை. கூடம் முழுக்கச் சுண்ணாம்புப் புழுதி. வடக்குச் சுவரில் காரையைப் பெயர்த்து, செங்கல்லை உருவ ஆரம்பித்திருந்தார்கள். பெரியவர் உத்தரத்துக்கு நேர் கீழே ஈசிசேரைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, வாசலின் அகலத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தோளில் மரத்தூள் படிந்திருந்தது.

நிறுத்தச் சொல்லி நான் போட்ட கூச்சலில் கொத்தனார் கடப்பாரையை அப்படியே கீழே வைத்தார். நான் மேலே கையைக் காட்டியதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, நேரே தெருவுக்குப் போய்விட்டார். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அறிவுள்ளவர் அவர் ஒருவர்தான். பெரியவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. "மதாம், இது பர்மா தேக்கு" என்றார், எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல.

"கரையானுக்கு பர்மா என்னா, சைகோன் என்னா? எழுந்து வாங்கய்யா" என்றேன்.

எஞ்சினியருக்குப் போன் செய்தேன். உடனே முட்டு கொடுக்கச் சொன்னார். கொத்தனார் எங்கேயோ வீடு கட்டுகிற இடத்திலிருந்து சவுக்குக் கம்புகள் கொண்டுவந்தார். உத்தரத்தின் அடியில் வரிசையாக முட்டு நின்றபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூடிரைவர் விட்ட ஓட்டையை அவரிடம் காட்டியிருந்தோம். அதற்குப் பிறகு தாத்தாவைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அந்த அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். எஞ்சினியர் தம்பி கேசரியைத் தொடாமல் போனபோதே தனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டதாகச் சொன்னார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நாங்க ரெண்டு பேரும் தெனமும் இதுக்குக் கீழதான் பாய் போட்டுப் படுக்கிறோம். உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா தம்பி?"

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. தெரியாது என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பார். யார் மனசும் நோகாமல் எல்லாம் முடிந்திருக்கும். அந்தக் கலையில் என் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்மா" என்றார்.

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கூடத்துக்குள் போய், முட்டுக் கம்புகளுக்கு நடுவே குனிந்து, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயையும் இரண்டு தலையணைகளையும் எடுத்து, புழுதியைத் தட்டிவிட்டு, சமையலறைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.