முப்பத்தொன்றுக்கு மறுநாள்

ஓரின் மாதிரி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலதடவை சொல்லியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் எங்கள் பட்டறையில் அவருக்குப் பக்கத்து மெஷின் என்னுடையது. நாள் முழுக்க அவரோடு மல்லுக்கட்டுவதுதான் என் பொழுதுபோக்கு. நாலு பக்கமும் காக்கா குருவி இல்லாத சந்திப்பில்கூட வண்டியை முழுசாக நிறுத்தி, வராத வண்டிகளுக்கு வழிவிட்டுப் போகிற ஆள். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால், இறங்கிப் போய்ச் சட்டம் சொல்வார்.

அவர் மனைவி ஜனீல் இறந்து இரண்டு வருஷமாகிறது. டேட்டர் அவள் வளர்த்த நாய், பேருக்கே உருளைக்கிழங்கு என்றுதான் அர்த்தம். உருளைக்கிழங்கு நிறம், உருளைக்கிழங்கு மூளை. ஜனீல் இருந்தவரை ஓரினுக்கு அதைக் கண்டாலே ஆகாது. சோபாவில் ஏறினால் வீடே இரண்டுபடும். அவள் போனபிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். இப்போது சோபாவே டேட்டருடையது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்.

வேலை விட்டதும் வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் டேட்டரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். எங்கள் சால்ட் லேக் நகரத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கிழக்கே உள்ள பள்ளத்தாக்கின் மேல்சாலையைக் குளிர்காலத்தில் கேட் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கோடை வரும்வரை பனி மூடிய அந்தச் சாலை நடக்கிறவர்களுக்கும் நாய்களுக்கும்தான். வசந்தத்தில் பொழுது நீண்டுவிட்டால் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து நடப்பவர்கள் உண்டு.

அங்கே நாய்களுக்கு ஒரு சட்டம். தேதி ஒற்றைப்படை என்றால் அவிழ்த்து விடலாம். இரட்டைப்படை என்றால் கயிற்றில்தான். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்குக் காலண்டர் பார்ப்பதில்லை. நேற்று நாய் ஓடியதா, அப்படியானால் இன்று கட்டு. இந்தக் கணக்கு முப்பத்தொன்றாம் தேதிக்கு மறுநாள் உதைக்கும். முப்பத்தொன்றும் ஒற்றை, ஒன்றும் ஒற்றை. இதில் ஒருதடவையாவது ஏமாறாத நாய்க்காரர் எங்கள் ஊரில் இல்லை.

அன்றைக்கு ஏப்ரல் ஒன்று, முட்டாள்கள் தினம். பட்டறையில் காலையிலிருந்தே ஓரினைப் போட்டு வறுத்தெடுத்திருந்தார்கள். கார் விளக்கு எரிகிறது என்று சொல்லி இரண்டுதடவை வெளியே ஓடவிட்டார்கள். டோனட்டில் சர்க்கரைக்குப் பதில் உப்பைத் தூவிக் கொடுத்தார்கள். முதலாளி கூப்பிடுகிறார் என்று அனுப்பினார்கள், முதலாளி அன்று ஊரிலேயே இல்லை. சாயங்காலம் வேலை மேலங்கியைக் கழற்றும்போது, இனிமேல் எவன் எதைச் சொன்னாலும் நம்பப்போவதில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

நானும் டாலினும் கூடப் போனோம். டாலின் பாக்கிங் பகுதியில் வேலை செய்கிறவன், ஐந்து பிள்ளைக்கு அப்பன், தேவாலயத்து ஆள். அவர்கள் சபை வழக்கப்படி காபி தொடமாட்டான், கெட்ட வார்த்தை அவன் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

கேட் தாண்டியதும் ஓரின் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, அதிலிருந்து நீண்ட மஞ்சள் கயிற்றை டேட்டரின் கழுத்துப்பட்டையில் கொக்கி போட்டார். எங்களைச் சுற்றி ஊர் நாயெல்லாம் அவிழ்ந்து குதித்துக்கொண்டிருந்தன. டேட்டர் அவற்றைப் பார்த்து அழாத குறை.

"ஓரின், இன்னிக்கு ஒண்ணாம் தேதி. ஒத்தை. பாவம், அவுத்து விடுங்க."

"போதும் மார்வா. காலையிலேர்ந்து ஏமாந்தாச்சு. நேத்து இவன் ஓடினான். அப்போ இன்னிக்கு இரட்டை."

போனை எடுத்துக் காட்டினேன். போனில் தேதியை மாற்றிவைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். எதிரே இரண்டு கறுப்பு நாய்களை அவிழ்த்துவிட்டு வந்த ஒரு அம்மாவை நிறுத்தி, சட்டம் தெரியுமா என்று பிடித்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைத் தட்டிக் காண்பித்தேன். டாலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கொக்கியை நானே போய்க் கழற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மேலே போகப்போக இடதுபக்கச் சரிவில் பகலெல்லாம் வெயில் அடித்த பனி சொதசொதவென்று இருந்தது. சின்னச்சின்ன உருண்டைகள் சாலைவரை உருண்டு வந்து கிடந்தன. பனியில் கால் புதையாமலிருக்க மாட்டும் அகலமான என் பனிச்செருப்பின் வார் அவிழ்ந்துவிட்டது. குனிந்து இறுக்கினேன், டாலின் எனக்காக நின்றான். ஓரின் நிற்காமல் போனார். டேட்டர் கயிறு நீண்ட மட்டும் பின்தங்கி எதையோ மோந்துகொண்டே போனது.

லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தேன். ஓரினைக் காணோம்.

சாலையையே காணோம். அது இருந்த இடத்தில் சரிவிலிருந்து இறங்கிய பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. குவியலின் இந்த ஓரத்தில் டேட்டர் வயிறுவரை புதைந்து கிடந்தது. கயிறு விறைத்து அதன் கழுத்தைப் பனிக்குள் இழுத்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

டாலின் ஓடினான். அவன் வாயில் அதுவரை நான் கேட்டிராத வார்த்தை வந்தது. முழங்காலிட்டு நாயின் கழுத்துக் கொக்கியில் கை வைத்தான்.

"அவுக்காதே!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"செத்துடும் மார்வா, மூச்சு முட்டுது அதுக்கு."

"கயிறு எங்க போகுதுன்னு பாருடா."

பார்த்தான். அதன் மறுமுனை பனிக்கடியில், ஓரின் இடுப்பில். நான் டேட்டரை இழுத்தெடுத்துக் குவியலோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன், கயிறு கொஞ்சம் தளர்ந்தது. அவன் தன் பனிச்செருப்பைக் கழற்றி அதையே மண்வெட்டியாக்கி, கயிறு போன வழியே தோண்டினான். ஈரப்பனி நின்றதும் காறை மாதிரி இறுகிவிடும், கை போகாது. கறுப்பு நாய்க்காரியும் இன்னும் சிலரும் ஓடிவந்தார்கள். அவர்களுடைய நாய்கள் சுற்றிச்சுற்றிக் குரைத்தன. யாரிடமும் மண்வெட்டி இல்லை. சாலையில் நடக்க வருகிறவர் யார் அதெல்லாம் கொண்டுவருகிறார்கள்?

பெல்ட் கிடைத்தது. இடுப்பு தெரிந்தது. தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. டாலின் ஒருபக்கம் தோண்டினான், பூட்ஸ் வந்தது. மறுபக்கம் எல்லோரும் விழுந்து பறண்டினோம். முகம் வந்தது. நீலம் பாரித்துப்போய், கண்கள் மூடி. அவர் வாய்க்குள் அடைத்த பனியை டாலின் விரல் விட்டு வழித்து வாயோடு வாய் வைத்து ஊதினான். ஒன்றும் நடக்கவில்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். ஓரின் வீட்டுக் காலி நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவன் மறுபடி ஊதினான். ஓரின் இருமினார்.

அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமாக இல்லை.

தூக்குவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கறுப்பு நாய்க்காரி பெல்ட்டிலிருந்து கயிற்றைக் கழற்றப் போனாள். ஓரினின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. உதடு அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"அவுத்துடாதீங்க. இன்னிக்கு இரட்டை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய்ச்சண்டையில் ஓரினுக்கு நான் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை என்பது டாலினுக்குத் தெரியும்.

"ஆமா ஓரின்," என்றேன், "இன்னிக்கு இரட்டைதான்."

கயிற்றைக் கழற்றாமல் இரண்டு பேரையும் சேர்த்தே தூக்கிக் கேட்டுக்குக் கொண்டுபோனோம்.