வெளியிலிருந்து பூட்டிய மூடி

1942இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், நாற்பதாயிரம் அடி உயரத்தில் வரும் ஜெர்மன் விமானங்களைத் துரத்துவதற்காக, காற்றுக் கசியாத விமானி அறை வைத்த புதுப் போர்விமானம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. விமானி ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி மூடியை வெளியிலிருந்து இறுக்கிப் பூட்டுவது மேவிஸ் டட்டிலின் வேலை.

"ஜாம் பாட்டிலை மூடுற மாதிரி மூடுறியே மேவிஸ், இறங்கினதும் திறக்க மறந்துடாதே," என்பார் சோதனை விமானி ஃபென்விக்.

"இவ்வளவு வாயாடுற ஜாமை யார் தின்னுவா? பேசாம உக்காருங்க சார்."

ஒரு மார்ச் காலையில் அந்த விமானம் உழுத வயலில் விழுந்தது. ஃபென்விக் பிழைக்கவில்லை. மேற்பார்வையாளர் ஹேடாக் அவளைத் தேற்றினார்: "உன் வேலையில குறையே இல்லம்மா. மூடி கடைசிவரை இறுக்கமாத்தான் இருந்துச்சு."

மூடியைச் சோதிக்க அவளிடமே தந்தார்கள். உள்விளிம்பு ரப்பரில் நகக்கீறல்கள் இருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டுப் பிறாண்டியிருக்கிறார்.

அவள் நேராக விமானத்தை வடிவமைப்பவர்களின் அறைக்குப் போனாள். "உள்ளேயிருந்து திறக்க வழி பண்ணுங்க. இல்லேன்னா இனி நான் பூட்ட மாட்டேன்."

அடுத்த வகை விமானத்தில் விமானியே உள்ளிருந்து தள்ளித் திறக்கும் மூடி வந்தது. போரும் முடிந்தது. ஆனால் யார் கைகுலுக்க வந்தாலும், முகத்தைப் பார்க்கும் முன் அவர்களுடைய விரல் நகங்களைத்தான் மேவிஸ் பார்த்தாள், சாகும்வரை.