ஆறு எண்ணி விடும் மூச்சு

தங்கச்சிமடத்திலிருந்து பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டித்தான் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். படகுகளின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை. பாலம் நெருங்கினால் நெஞ்சு அடைக்கும். ஒரே மாதத்தில் ஐந்து முறை பாம்பனிலேயே இறங்கித் திரும்பினேன். திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக முதலாளி சொல்லிவிட்டார்.

இ.சி.ஜி.யில் கோளாறு இல்லை. ராமேஸ்வரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் யோகா. நெஞ்சு அடைத்த ஒவ்வொரு முறையும் நாள், நேரம், இடம், நாடித்துடிப்பு என்று கட்டம் போட்டு எழுதிய நோட்டைக் காட்டினேன்.

"சர்வீஸ் ரிப்போர்ட் நல்லாருக்கு. ஆள் எங்க?" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சனிக்கிழமை மல்லாந்து படுத்து, ஆறு எண்ணி மூச்சை விடும் பயிற்சி. நடுவில் நிறுத்தினார்.

"இழுத்த மூச்ச அப்படியே புடிச்சு வச்சிருக்கீங்க. நான் புடிக்கச் சொல்லலையே, யாரு சொன்னா?"

யாரும் இல்லை என்றேன். எழுந்து உட்கார்ந்த பிறகு பேச்சு வந்தது.

அய்யா, அதாவது என் அப்பா, கடலில் முங்கிச் சங்கு குளிப்பவர். ஏழு வயதில் லீவு நாட்களில் நானும் வள்ளத்தில் போவேன். அவர் முங்கியதும் நானும் மூச்சைப் பிடிப்பேன், அவர் தலை தெரிந்தால்தான் விடுவேன். நான் முந்தி மூச்சை விட்டால் அவருக்கு மூச்சு நின்றுவிடும் என்று நம்பினேன். ஒரு நாள் தாங்க முடியாமல் விட்டுவிட்டேன். மூக்கில் ரத்தத்தோடு ஏறினார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"இப்பவும் குளிக்கப் போறாரா?"

தோள் வலியால் ஒரு வருடம் நிறுத்தியிருந்தார். திரும்பப் போக ஆரம்பித்தது எப்போது என்று யோசித்தேன். நோட்டின் முதல் பதிவும் அதே வாரம்தான். அதற்கு நான் கட்டம் போடவில்லை.

அன்று சாயங்காலம் அய்யாவிடம் சொன்னேன்.

"ஏத்தா, நீ மூச்சப் புடிச்சா எனக்கா காத்து வரும்? அன்னைக்குச் சளியோட முங்குனேன், அதான் ரத்தம். ஒங்க அம்மா போகாதீகன்னா, நாந்தான் கேக்கல."

"இப்பவாச்சும் ஒத்துக்கிட்டாகளே," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

திங்கட்கிழமை விடியுமுன் அய்யா கடலுக்குப் போனார். நான் பஸ் ஏறினேன். பாலத்தில் நெஞ்சு அடைக்கத்தான் செய்தது. இரண்டு முறை மூச்சைப் பிடித்துவிட்டேன், கவனித்ததும் ஆறு எண்ணி விட்டேன். கீழே வள்ளங்களில் அவருடையது எது என்று தேடினேன், தெரியவில்லை. மறுபடி எண்ணினேன். மண்டபம் வந்துவிட்டது.

கடையில் மூன்று வயர்லெஸ் செட்டுகள் காத்திருந்தன. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: அய்யா கடலில். 'ஆம்' என்று எழுதிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.