ஒரு கண் இல்லாத எலும்பு

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவனுக்கு ‘வாயு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இடுப்புப் படத்தில் கறுப்பாகத் திட்டுத் தெரிந்தால், வந்தவர் முகம் வாடுவதற்குள், “ஒண்ணுமில்ல, குடல்ல வாயு. வயித்தைச் சுத்தம் பண்ணிட்டு நாளைக்கு வாங்க” என்பான். பெரும்பாலும் அவன் சொன்னபடியே மறுநாள் படம் துடைத்துவிட்டாற்போல் வரும்.

அவன் அக்கா தெருமுனையில் துணி தேய்க்கிறவள். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். முதுகுவலிக்கு இஸ்திரிப்பெட்டியைத் திட்டியே நாளை ஓட்டினாள். படுத்தால் வலி கூடுகிறது என்றதும்தான் அவளை இழுத்து வந்து மேசையில் கிடத்தினான்.

“மூச்சைப் பிடிக்கா.”

“பிடிச்சுக்கிட்டுத்தானேடா இத்தனை காலம் கிடந்தேன். நீ சட்டுனு எடு.”

நேராக எடுத்த படத்தில் முதுகெலும்புகள் ஆந்தை முகங்களாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் வட்டமாக இரண்டு கண். இடுப்புக்குச் சற்று மேலே ஒன்றுக்கு இடது கண்ணைக் காணோம். கட்டி அரித்தாலும் அந்தக் கண் போகும், மேலே வாயு நின்றாலும் மறையும். இரண்டும் அவனுக்குத் தெரியும். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டான்.

“வாயுதான்கா.”

பேதிமருந்து கொடுத்து மறுநாள் எடுத்தான். கண் இல்லை. மருந்து சரியில்லை என்று படத்தை டாக்டருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டான். சில வாரம் கழித்து, அரைப்பட்டினி போட்டு மூன்றாவது படம்.

“கால் மரத்துப்போகுதுடா.”

“பட்டினி கிடந்தா அப்படித்தான் இருக்கும்.”

அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பயம் வந்தால் கண்ணும் வாயும் சேர்ந்தே அடைத்துக்கொள்ளும்.

படம் பார்க்கும் டாக்டரம்மா வேறெதற்கோ அறைக்குள் வந்தவர், திரைமுன் நின்றுவிட்டார்.

“யாரு இது? ஒரு கண்ணு எங்க?”

“வாயு மேடம். மூணு தடவை எடுத்துட்டேன்.”

“மூணையும் சேர்த்துப் போடுங்க.”

போட்டான். கறுப்புத் திட்டுகள் படத்துக்குப் படம் இடம் மாறியிருந்தன. கண் இல்லாத அந்த ஒரு குழி மட்டும் அசையவில்லை.

“வாயு ஒரே இடத்துல குடியிருக்குமா? உங்களுக்குத் தெரியாததா?”

“என் அக்கா மேடம்.”

டாக்டரம்மா அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எலும்பைத் தின்ற கட்டி உள்ளே நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. அன்றே ஆபரேஷன் செய்தும் உயிர்தான் தங்கியது, கால் வரவில்லை. முதலிலேயே காட்டியிருந்தால் நடந்திருப்பாளா என்று கேட்டான். “வாய்ப்பு இருந்துச்சு” என்றார் டாக்டரம்மா.

நினைவு திரும்பிய அக்கா அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“முதல் படத்துலயே தெரிஞ்சுதாடா?”

“தெரிஞ்சுதுக்கா.”

நன்றாக நாலு வார்த்தை திட்டுவாள் என்று குனிந்து நின்றான்.

“இனிமே என் படத்தை நீ எடுக்காத. வேற ஆளு எடுக்கட்டும்.”

“சரிக்கா.”

“முதுகு வேகுது. புரட்டிப் போடு.”

தோளைப் பிடித்துத் திருப்பினான். உடம்பு திரும்பியது. கால்களை மட்டும் அவன்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.