பொய்ப் பொத்தான்

அந்தச் சீருடைக் கடைக்குப் பிள்ளையோடு போகாதீர்கள், அங்கே தைக்கிறவள் அளவெடுக்கிற சாக்கில் பிள்ளையிடம் குறை கண்டுபிடித்து அனுப்புவாள் என்று பள்ளி வாசலில் ஒரு பேச்சு உலவியது. சொன்னவர் யாரும் நேரில் பார்த்ததில்லை. பார்த்த இன்னொருவர் சொன்னாராம். பேச்சு கடைக்கும் வந்து சேர்ந்தது. தையல்கார அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "கண்ணு இருக்கு, பாக்கறேன். மூடிக்கிட்டா தைக்க முடியும்?"

அளவெடுத்து முடித்ததும் ஒரு மாதிரிச் சட்டையை நீட்டுவாள். "செல்லம், நீயே போட்டுக் காட்டு. அம்மா, நீங்க கையைக் கட்டிக்குங்க." அம்மாக்களின் கை துறுதுறுக்கும். அக்கா டேப்பைச் சுருட்டுவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு வயதாகியும் பொத்தான் காஜாவுக்குள் நுழைய அடம்பிடித்தால், பேச்சுவாக்கில் விசாரிப்பாள். எழுதினால் கை வலிக்கிறது என்கிறதா? படியில் அடிக்கடி தடுக்குகிறதா? "ஒண்ணு மட்டும்னா விடுங்க, பழகிக்கும். மூணும் சேர்ந்து மல்லுக்கட்டினா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. சோம்பேறின்னு மட்டும் திட்டாதீங்க."

"துணி தைக்கிற இடத்துல வைத்தியம் எதுக்கு?" என்று ஒரு தகப்பன் எகிறினார். அடுத்த வாரம் அவரே மகளோடு வந்து, பழகிப் பார்க்கப் பெரிய பொத்தான் வைத்த சட்டை ஒன்று கேட்டார்.

முன்பு அக்கா இப்படி இல்லை. அவள் கடை பேர் வாங்கியதே பொய்ப் பொத்தானால்தான். வெளியே பொத்தான் வரிசையாக மினுங்கும். உள்ளே பிரஸ் பட்டன். காலையில் அவசரமில்லை, வகுப்பில் கேலியில்லை. அம்மாக்கள் வாயார வாழ்த்தினார்கள். பிறகு ஒருத்தி வந்து கடை வாசலிலேயே அழுதாள். "பிள்ளைக்குக் கை ஏன் சொன்னபடி கேக்கலைன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சாங்க. பயிற்சி குடுத்தா தேறுமாம். உங்க சட்டையால மூணு வருஷம் எனக்குத் தெரியவே இல்லக்கா."

அந்தப் பொய்ப் பொத்தானை அக்கா முதன்முதலில் தைத்தது தன் தங்கைக்கு. அதற்கும் முன்னால், அம்மா வேலைக்குப் போனபின் இருவரும் கண்ணாடி முன் நின்ற காலைகள். தங்கை கழுத்தை நீட்டுவாள். அக்கா மேலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தான் போட்டு வந்து, கடைசிப் பொத்தானில் கிச்சுகிச்சு மூட்டுவாள். வெயில் விழுந்த அந்த அறையில் இருவரும் சிரித்த சிரிப்பு அதன்பின் வாய்க்கவில்லை. தங்கை வருமுன்னே ஏதாவது விழுகிற சத்தம் வரும் என்பதால் வீட்டில் அவள் பெயர் 'டமால்'. பரீட்சையில் பாதி எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். விடை தெரிந்தும் தோற்றாள், படிப்பு நின்றது. மக்கு என்றார்கள். அக்காவும் அதை நம்பித்தான் செல்லம் கொடுத்தாள்.

நேற்று தங்கை தொலைவிலிருந்து போன் செய்தாள். அவள் மகளுக்கு ஏழு வயது.

"அக்கா, எனக்குத் தச்சுக் குடுத்தியே, அதே மாதிரி இவளுக்கு நாலு சட்டை. பசங்க கிண்டல் பண்றாங்களாம்."

"பென்சில் எப்படிடி பிடிக்கிறா?"

"என்னை மாதிரியேதான்!" தங்கை சிரித்தாள்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டேன்."

சிரிப்பு நின்றது. "ஊர்ப் பிள்ளைங்க போதாதுன்னு என் பிள்ளைகிட்டயும் குறை கண்டுபிடிக்கிறியா? நானும் அப்படித்தான் வளந்தேன். எனக்கு என்ன ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று அக்காவுக்குத் தெரியும். அதற்குள் தங்கை போனைத் துண்டித்துவிட்டாள்.

இன்று மதியம் கடையில் ஆளில்லை. இரண்டு முறை தங்கையை அழைத்தாள், அடித்து ஓய்ந்தது. சொல்ல வேண்டியதைத் தனக்குள் முனகிப் பார்த்தாள். "தப்பு உன்மேல இல்லடி. நான்தான் பொத்தானைப் போட்டுவிட்டுப் போட்டுவிட்டே உன் கஷ்டத்தை மறைச்சிட்டேன்." மறுபடி எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டுத் துணி வெட்டும் மேசையில் வைத்தாள். தங்கை மெல்லப் பேசினாலும் காதில் விழட்டும் என்று எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.