சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது

ஏழாயிரம்பண்ணையில் ஒரு பள்ளிக்கூட மாடியில் கடைசி சோலார் பேனலுக்கு நட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் செல்வி போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாக." மதியம் சாப்பிட்டுப் படுத்த முத்துலட்சுமி அக்கா எழுந்திருக்கவே இல்லையாம். நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு இறங்கப் போனேன். தலைமை ஆசிரியை விஷயத்தைக் கேட்டுக் கண்கலங்கினார். பிறகு, "பாதியில விட்டுட்டுப் போனா அவுகளே ஏசுவாகல்ல?" என்றார். உண்மைதான். மிச்சமிருந்த நாலு நட்டையும் முறுக்கிவிட்டுத்தான் இறங்கினேன்.

அக்காவை அறிந்த நீங்கள் எல்லோரும் அவரை ஏதாவது ஒரு மாடியில்தான் பார்த்திருப்பீர்கள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, தலையில் துண்டு. நான் முதலில் பார்த்தது விருதுநகரில் என் பேட்டரிக் கடையில். அப்போது அவர் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலையில் இருந்தார். சார்ஜ் ஏறாத சோலார் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் திருகாணியைத் தேடுவதற்குள், "அத நானே கழட்டிட்டேன். இந்தா, இங்கன ஒரு வயரு விட்டிருக்கு. பத்தவைக்க எனக்குச் சூட்டுக்கோல் இல்ல, அம்புட்டுத்தான்" என்றார். கொண்டை ஊசியால் கழற்றியிருந்தார். அடுத்த மாதம் என் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் பங்குதாரர் ஆனார்.

சேர்ந்த புதிதில் என்னைக் கோபப்படுத்தியதும் அவர்தான். அப்போது பேனல் விலை மிக அதிகம். வாரத்துக்கு ஒரு ஆர்டர் வந்தாலே பெரிது. மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கிணற்று மோட்டாருக்கு சோலார் போட வேண்டும், அதற்காக ஆடுகளை விற்கப்போவதாகச் சொன்னார். அக்கா அவரிடம், "விக்காதீக அண்ணாச்சி. வருசத்துக்கு வருசம் விலை எறங்குது. ஆடு குட்டி போடும், பேனல் போடாது. கொஞ்சம் பொறுங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் சொன்னபடியே பொறுத்திருந்தார். விலை நன்றாக இறங்கிய பிறகு திரும்பி வந்தார், கூடவே பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெரு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தானும் பொறுத்திருக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து விலை கேட்பார், இன்னும் குறையட்டும் என்று போவார். கடைசியில் அக்கா அவரை உட்காரவைத்து, "ஐயா, நீங்க காத்திருந்த வருசத்து வெயிலெல்லாம் ஒங்க மாடியில சும்மா காஞ்சு போச்சு. அத இனி யாரு தருவா?" என்று கேட்டார். அவர் அந்த வாரமே போட்டார். "ஒருத்தரைப் பொறுக்கச் சொன்னீக, இன்னொருத்தரை வெரட்டுறீகளே" என்றேன். "அவுககிட்ட ஆடு இருந்துச்சு. இவுககிட்ட ஃபேன்தான ஓடுது, பில்லுதான ஏறுது" என்றார்.

பின்பக்கமும் வெளிச்சத்தை வாங்கும் இரட்டைக் கண்ணாடிப் பேனல் வந்தபோது, அக்கா நம்பவில்லை. "முதுகுல எப்படிலே வெயில் படும்?" என்றார். சாத்தூரில் ஒரு வீட்டு மாடியில் முதல் தடவை அதைப் பொருத்தினோம். தரை கறுத்துப்போயிருந்தது, வெயில் அதில் பட்டுத் திரும்பிப் பேனலின் முதுகுக்கு வரவில்லை. அக்கா வீட்டுக்காரரிடம் வெள்ளை வேட்டி இருக்கிறதா என்று கேட்டார். அவர் ஒன்றைக் கொடுக்க, அது போதவில்லை. மனைவி, மகள், மாப்பிள்ளை என்று வீடே பீரோவைக் காலி செய்து வேட்டியும் போர்வையுமாக மாடிக்கு ஏறியது. பேனலுக்கு அடியில் விரிக்க விரிக்க மீட்டரில் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அக்கா கைதட்டினார், வீடே கைதட்டியது. மறுவாரம் அந்த மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

அவர் சிரிக்காத ஒரு நாளும் உண்டு. ஒரு பட்டாசு ஆலை முதலாளி எங்களுக்கு அதுவரை வராத பெரிய ஆர்டரோடு கூப்பிட்டார். அலுவலகத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்சாரம் வேண்டும். பேனல்களை மருந்து செலுத்தும் அறைகளின் கூரைகளில் வைக்கச் சொன்னார். "அம்புட்டுக் கூரையும் சும்மாதான கெடக்கு?"

அக்கா அந்த அறைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அண்ணாச்சி, இதே மாதிரி ரூம்ல நான் உக்காந்திருக்கேன். ஒரு பொறி பறக்கக்கூடாதுன்னு செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள போவோம். செல்போனக் கேட்லயே வாங்கி வச்சுக்கிடுவீக. இப்ப எங்க தலைக்கு மேல கரண்ட ஏத்தச் சொல்றீக."

"மெயின அணைச்சிட்டா ஆச்சு" என்றார் முதலாளி.

"மெயின அணைக்கலாம். சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது. வெயில் அடிக்கிற வரைக்கும் பேனல்ல கரண்டு இருக்கும்."

வேறு கம்பெனி செய்து கொடுக்கும் என்றார் அவர். "அப்பிடின்னா உள்ள இருக்கிற பொம்பளைகள வரச்சொல்லி, அவுககிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே நடந்தார். கடைக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று இருவருக்குமே தெரியும். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் அவர் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். பழைய நீலப் பேனல் என்றால் அந்தக் கூரைகள் எல்லாமே வேண்டியிருக்கும். இப்போது வரும் கறுப்புப் பேனல் அதே இடத்தில் கூடுதலாகத் தருகிறதே? மருந்து அறைகளைச் சுற்றிய வேலிக்கு வெளியே கேட்டை ஒட்டிய அலுவலகக் கூரையும் லாரி ஷெட்டுமே போதும் என்று கண்டுபிடித்தார். மறுநாள் படம் வரைந்து அனுப்பினோம். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் முதலாளியே கடைக்கு வந்தார். "அந்தம்மா சொன்ன எடத்துலயே வைங்க. எங்க ஆலையில போர்மேனா இருக்கிற பொண்ணும் அதையேதான் சொல்லுச்சு" என்றார். அக்கா அவருக்குக் காபி வாங்கிவரச் சொன்னார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது சில கேள்விகள். எந்த வீட்டுக்குப் போனாலும் மாடி ஏறுமுன் அவர் அடுப்படிக்குப் போவார். "கிரைண்டர் எப்பப் போடுவீக? துணி எப்பத் துவைப்பீக? மோட்டார் எந்த நேரம் ஓடும்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் எத்தனை பேனல் என்று முடிவு செய்வார். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நானும் அப்படியே போய்க் கேட்டேன். அந்த வீட்டம்மா முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அரைமணி நேரம் சொன்னார். ஆர்டர் கொடுத்த கணவர் வாசல்படியில் நின்று, தன் வீட்டில் இவ்வளவு வேலை நடக்கிறதா என்ற ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.